ட்ரோன் வரைபடங்களும் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும்: உயரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது?

சில மாதங்களுக்கு முன்னர் எமது ஆசிரிய பீடத்துக்கு ஒரு வரைபடம் வந்து சேர்ந்தது. கிழக்குக் கரையோரக் கிராமம் ஒன்றின் வெள்ள அபாயத்தைக் காட்டுவதற்கென ட்ரோன் மூலம் படமெடுத்துத் தயாரிக்கப்பட்டது அது. வர்ணங்கள் கண்ணைக் கவர்ந்தன. வீட்டுக் கூரைகள், கிணறுகள், வேலிகள் யாவும் துல்லியமாகத் தெரிந்தன. ஆனால் மூலையிலிருந்த உயர விளக்கப் பெட்டியில் மிகத் தாழ்ந்த இடத்துக்கு மறை 95 மீற்றர் என்றும், மிக உயர்ந்த இடத்துக்கு மறை 89 மீற்றர் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. அந்தக் கணக்கின்படி முழுக் கிராமமும் கடல் மட்டத்துக்குக் கீழே தொண்ணூறு மீற்றர் ஆழத்தில் கிடக்க வேண்டும்.

வரைபடத்தைத் தயாரித்தவர்கள் அறிவிலிகள் அல்லர். ட்ரோனிலும் பழுதில்லை. அந்த எண்கள்கூட ஒரு வகையில் சரியானவையே. அவை எதிலிருந்து அளக்கப்பட்டன என்பதுதான் சொல்லப்படவில்லை. கடல் மட்டத்திலிருந்து அளக்கப்பட்டவை என்று வாசிப்பவர் கருதிக்கொள்கிறார். அளந்த கருவியோ வேறொரு பரப்பிலிருந்து அளந்திருக்கிறது.

ட்ரோன் வரைபடங்கள் இன்று நமது நாட்டில் அபூர்வமானவை அல்ல. 2016 மே மாதத்தில் அரநாயக்க மண்சரிவின் பின்னரும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி விளைத்த பேரனர்த்தத்தின் பின்னரும் பாதிப்பை மதிப்பிட ஆளில்லா விமானங்கள் பயன்படுத்தப்பட்டன. குளக்கட்டுப் புனரமைப்பு, வீதி அகலிப்பு, கருங்கல் அகழ்வு, காணிப் பிணக்கு என எதற்கும் இப்போது ஒரு ட்ரோன் படம் முன்வைக்கப்படுகிறது. இவற்றின் அடிப்படையில் தீர்மானங்கள் எடுக்கப்படுகின்றன. ஆகவே ஒரு ட்ரோன் வரைபடம் எப்போது நம்பத்தக்கதாகிறது என்பதை நில அளவையாளர் மட்டுமன்றி, அதனால் பாதிக்கப்படக்கூடிய பொதுமகனும் அறிந்திருப்பது அவசியமாகும்.

ஒளிப்பட அளவையியலின் அடிப்படை எளிமையானது. ட்ரோன் ஒரு நிலப்பரப்பின் மேல் வரிசை வரிசையாகப் பறந்து, ஒன்றன் மேல் ஒன்று பெருமளவு படியும்படி நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. ஒரே வரிசையில் அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ 75 முதல் 80 வீதமும், பக்கத்து வரிசைகள் 60 முதல் 70 வீதமும் ஒன்றன் மேல் ஒன்று படிவது வழக்கம். இதனால் நிலத்திலுள்ள ஒவ்வொரு கல்லும் பல கோணங்களிலிருந்து பல படங்களில் பதிவாகிறது. நமது இரு கண்களும் சற்று வேறுபட்ட இரு காட்சிகளைக் கண்டு தூரத்தை உணர்வதுபோல, மென்பொருள் இந்தப் படங்களைப் பொருத்திப் பார்த்து ஒவ்வொரு புள்ளியினதும் முப்பரிமாண இடத்தைக் கணிக்கிறது. கமரா எங்கே நின்றது, எப்பக்கம் சாய்ந்திருந்தது, அதன் வில்லையின் இயல்பு யாது என்பவற்றையும் அதே கணிப்பில் சேர்த்தே கண்டுபிடிக்கிறது. 100 மீற்றர் உயரத்தில் பறக்கும் சாதாரண அளவை ட்ரோன் ஒன்றின் படத்தில் ஒரு படப்புள்ளி நிலத்தில் ஏறக்குறைய 2.5 முதல் 3 சென்ரிமீற்றர் வரையான இடத்தைக் குறிக்கும்.

இந்த எண்ணைக் கேட்டவுடன் வரைபடமும் 3 சென்ரிமீற்றர் துல்லியமானது என்று முடிவுகட்டுவதுதான் முதலாவது மயக்கம். படம் எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்பது வேறு. அது பூமியில் சரியான இடத்தில் அமர்ந்திருக்கிறதா என்பது வேறு. சாதாரண ட்ரோனிலுள்ள செய்மதி இடங்காட்டி கிடையாக 2 முதல் 5 மீற்றர் வரை தவறலாம். உயரத்தில் தவறு இதனிலும் கூடுதலாகும். இந்த இடங்காட்டியை மட்டும் நம்பிச் செய்த மாதிரி தன்னளவில் அழகாக இருக்கும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம் ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். ஆனால் முழு மாதிரியும் ஒரு பக்கம் நகர்ந்தோ, சற்றே சாய்ந்தோ, சிறிது பெருத்தோ சிறுத்தோ இருக்கக்கூடும். 16 மீற்றர் முகப்பைக் கொண்ட பத்துப் பேர்ச் காணியொன்றின் எல்லை 2 மீற்றர் பின்னே நகர்ந்தால் 32 சதுர மீற்றர், அதாவது ஒன்றேகால் பேர்ச்சுக்கும் மேல் அயலவரின் பக்கம் போய்விடும். யாழ்ப்பாணத்துக் கணக்கில் இது ஒரு பரப்பில் எட்டிலொரு பங்கு. வேலி ஒரு முழம் நகர்ந்ததற்காக இரு தலைமுறை நீதிமன்றம் ஏறி இறங்கிய குடும்பங்களை நாம் அறிவோம்.

இந்த மிதக்கும் மாதிரியை நிலத்தோடு ஆணியடித்து நிறுத்துபவையே தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். பறப்புக்கு முன்னர் நிலத்தில் தெளிவான அடையாளங்கள் இடப்படுகின்றன. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட பலகையோ ஃபிளெக்ஸ் துண்டோ, மதகின் மேல் வர்ணத்தில் வரைந்த சிலுவைக்குறியோ, அவசரத்துக்குச் சுண்ணாம்புப் பொடியோ போதும். ஒவ்வொன்றினதும் மையம் நில அளவைத் தரத்திலான செய்மதிக் கருவியால் அல்லது ரோட்டல் ஸ்ரேஷன் கருவியால் ஒரு சில சென்ரிமீற்றருக்குள் அளக்கப்படுகிறது. பின்னர் கணினியில் ஒவ்வொரு படத்திலும் அந்த மையம் கையால் குறிக்கப்பட்டு, அளந்த ஆள்கூறு அதற்குக் கொடுக்கப்படுகிறது. மென்பொருள் முழு மாதிரியையும் அந்தப் புள்ளிகளுக்கு இசைவாகத் திருத்தியமைக்கிறது.

எத்தனை புள்ளிகள் வேண்டும்? கணித ரீதியாக மூன்று போதும். மூன்று மட்டும் இருந்தால் அவற்றில் ஒன்று தவறானது என்பதைக் கண்டறிய வழியே இராது. சிறிய இடத்துக்குக்கூட ஐந்துக்குக் குறையாமல் வைப்பதும், பரப்பு விரிய விரியக் கூட்டுவதும் நல்ல நடைமுறை. எண்ணிக்கையைவிடப் பரம்பலே முக்கியமானது. வாகனம் நிறுத்திய வீதியோரத்தில் பத்துப் புள்ளிகளை வரிசையாக வைத்துவிட்டு, வயலின் மறுகரையில் ஒன்றும் இல்லாமல் விடுவது நமது களங்களில் சர்வசாதாரணமாக நிகழ்கிறது. வெயிலில் வரம்பு வரம்பாக நடக்கச் சலிப்பதே இதற்குக் காரணம். இவ்வாறு செய்த மாதிரி வீதியருகே செம்மையாகவும், மறுகரையில் மேலோ கீழோ தொங்கியபடியும் இருக்கும். மூலைகளிலும் ஓரங்களிலும் நடுவிலும் புள்ளிகள் வேண்டும். மலைச்சரிவாயின் அடிவாரத்திலும் உச்சியிலும் வேண்டும். பனை, தென்னை நிழலுக்கும் தகரக் கூரைக்கும் அப்பால், வானம் திறந்த இடமாக இருக்க வேண்டும். இட்ட அடையாளத்தை மாடு மிதித்து நகர்த்துவதும், சிறுவர்கள் பாய் என்று சுருட்டிக்கொண்டு போவதும் உண்டு. ஆதலால் பறப்பு முடியும்வரை ஒருவர் காவல் நிற்பதில் தவறில்லை.

நடுப்புள்ளியை நாம் வலியுறுத்துவதற்குத் தனிக்காரணம் உண்டு. கமரா வில்லையின் ஓரங்களில் ஏற்படும் வளைவை மென்பொருள் சரியாக மதிப்பிடத் தவறினால், தட்டையான வயல்வெளி நடுவில் மேடாகவோ கிண்ணமாகவோ தோன்றும். நிலம் எவ்வளவு தட்டையோ, கமரா எவ்வளவு நேராகக் கீழ்நோக்கியதோ அவ்வளவுக்கு இந்தக் கோளாறு மோசமாகும். வடக்குக் கிழக்கின் வயல்வெளிகளும் களப்போரங்களும் இத்தகையவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நிலச்சரிவு ஒரு கிலோமீற்றருக்குச் சில பத்துச் சென்ரிமீற்றராகவே இருக்கும். நடுவில் 30 சென்ரிமீற்றர் பொய்மேடு ஒன்று முளைத்தால், நீர் மேற்கே ஓடும் இடத்தில் கிழக்கே ஓடும் என்று வரைபடம் சொல்லும். அதை நம்பி வெட்டப்படும் வடிகாலில் நீர் தேங்கும். நடுவில் புள்ளிகளை இடுவதும், கமராவைச் சாய்த்து ஒரு சுற்றும், குறுக்காக ஒரு சுற்றும் பறப்பதும் இதற்கான பரிகாரங்கள்.

புள்ளிகள் அனைத்தையும் கணிப்புக்குள் செலுத்திவிட்டு, மென்பொருள் தரும் சிறிய பிழை எண்ணைக் காட்டி வரைபடம் சரி என்று சொல்வது, மாணவன் தனது விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்வதற்கு ஒப்பானது. அளந்த புள்ளிகளில் ஒரு பகுதியைக் கணிப்புக்குக் காட்டாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். இவை சரிபார்ப்புப் புள்ளிகள் எனப்படும். மாதிரி உருவான பின்னர், அந்த இடங்களில் மாதிரி சொல்லும் உயரத்தையும் நிலத்தில் அளந்த உயரத்தையும் ஒப்பிட்டால் உண்மை வெளியாகும். அமெரிக்க ஒளிப்பட அளவை மற்றும் தொலையுணர்வுச் சங்கம் 2014இல் வெளியிட்ட தரநியமத்தில் இத்தகைய புள்ளிகள் குறைந்தது 20 வேண்டும் என்றது. 2023 பதிப்பில் அதை 30 ஆக உயர்த்தியது. சிறு வேலைகளுக்கு அத்தனை சாத்தியமில்லாவிடினும், ஒன்றுமே இல்லாத அறிக்கையை ஏற்க நியாயமில்லை.

வேறுபாடுகளின் அளவை மட்டுமன்றி அவற்றின் குறியையும் கவனிக்க வேண்டும். ஐந்து புள்ளிகளில் வேறுபாடு 3, மறை 4, 5, மறை 2, 6 சென்ரிமீற்றர் என வந்தால் வர்க்க சராசரி மூலப் பிழை 4 சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டும். அது இயல்பான சிதறல். ஐந்திலும் 28, 31, 30, 27, 29 என ஒரே பக்கமாக வந்தால் அது சிதறலன்று. யாரோ கருவிக்கம்பத்தின் உயரத்தைத் தவறாகப் பதிந்திருக்கிறார்கள், அல்லது உயரத்தின் பூச்சியமே பிழைத்திருக்கிறது.

பூச்சியத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது. செய்மதி இடங்காட்டி கடலை அறியாது. அது பூமியை ஓர் ஒழுங்கான நீள்கோளவுருவாகப் பாவித்து, அந்தக் கணிதப் பரப்பிலிருந்து உயரத்தைத் தருகிறது. நாம் வழக்கத்தில் உயரம் என்று சொல்வது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதாகும். அந்த மட்டத்தை நிலத்தின் அடியாகவும் தொடர்வதாகக் கற்பனை செய்தால் கிடைக்கும் பரப்பைப் புவியுரு என்பர். பூமியின் உள்ளே திணிவு எங்கும் ஒரே சீராக இல்லாமையால் ஈர்ப்பும் ஒரே சீராக இல்லை. ஆதலால் புவியுருவும் மேடு பள்ளமாகவே இருக்கிறது. உலகத்திலேயே அதன் மிக ஆழமான பள்ளம் நமது தீவுக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் அமைந்துள்ளது. அங்கே கடற்பரப்பு நீள்கோளவுருவுக்கு ஏறத்தாழ 106 மீற்றர் கீழே கிடக்கிறது. கப்பலில் போகின்றவருக்கு இது தெரிவதில்லை, ஏனெனில் அவரது மட்டக்கருவியும் அதே ஈர்ப்புக்கே கட்டுப்பட்டது. இப்பள்ளம் பூமியின் மூடகத்தினுள் உயரும் வெப்பமான, அடர்த்தி குறைந்த பொருளோடு தொடர்புடையது என பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக ஆய்வாளர்கள் 2023இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர்.

இலங்கை இந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஆகையால் காலிமுகத்திடலில் அலை காலை நனைக்கும் இடத்தில் நிற்பவருக்கும் செய்மதிக் கருவி மறை தொண்ணூறுகளில் ஓர் எண்ணையே காட்டும். எமக்கு வந்த வரைபடத்தின் மர்மம் இதுவே. நீள்கோளவுரு உயரத்திலிருந்து அவ்விடத்துப் புவியுரு வேறுபாட்டைக் கழித்தால் கடல் மட்ட உயரம் கிடைக்கும். கருவி மறை 92.4 மீற்றர் என்று காட்டி, வேறுபாடு மறை 97.1 மீற்றராக இருந்தால், உண்மை உயரம் 4.7 மீற்றர். இந்த வேறுபாடு தீவு முழுவதும் ஒன்றல்ல, இடத்துக்கு இடம் சில மீற்றர் மாறுகிறது. ஈ.ஜி.எம். 96, ஈ.ஜி.எம். 2008 ஆகிய உலகப் புவியுரு மாதிரிகளைக் கொண்டு அதைக் கணிக்கலாம். ஆனால் இவை உலகம் முழுவதற்குமாகத் தைக்கப்பட்ட சட்டைகள். நமது தோளுக்கு அப்படியே பொருந்தும் என எதிர்பார்க்க முடியாது.

சிறிய களமொன்றுக்கு நேர்மையான வழி, பக்கத்திலுள்ள நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்கல் ஒன்றைத் தேடிப் போவதுதான். பெஞ்ச் மார்க் எனப்படும் இக்கற்களின் உயரம் கடல் மட்டத்திலிருந்து படிப்படியாக மட்டம் பார்த்துக் கொண்டுவரப்பட்டது. அந்தக் கல்லின் மேல் செய்மதிக் கருவியை வைத்து அளந்தால், இரு உயரங்களுக்குமிடையிலான உள்ளூர் வேறுபாடு நேரடியாகவே கிடைத்துவிடும். அதைத் தரைப் புள்ளிகள் யாவற்றுக்கும் பிரயோகிக்கலாம். இரண்டு கற்களில் அளந்தால் ஒன்று அமிழ்ந்திருப்பினும் தெரியவரும். வீதி அகலிப்பில் பல கற்கள் காணாமற் போய்விட்டன என்பது வேறு துயரம். துறைமுக ஆழ வரைபடங்களின் பூச்சியம் இதனிலும் வேறானது என்பதையும் களப்பு, மீன்பிடித்துறை வேலைகளில் ஈடுபடுவோர் மறக்கலாகாது.

கிடைத் தளத்திலும் நமக்கென ஒரு மரபு உண்டு. 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கப்பட்ட நமது நில அளவைத் திணைக்களம் இந்நாட்டின் மிகப் பழைய அரச திணைக்களங்களில் ஒன்று. நமது வரைபடங்கள் இன்றும் 1830இல் ஜோர்ஜ் எவரெஸ்ட் கணித்த நீள்கோளவுருவையே அடிப்படையாகக் கொண்டவை. செய்மதிகள் பயன்படுத்துவதோ டபிள்யூ.ஜி.எஸ். 84. இரண்டையும் மாற்றாமல் கலந்தால் இடம் இருநூறு மீற்றருக்கும் மேல் தள்ளிப்போகும். பழைய கந்தவல ஆள்கூற்று முறையில் பீதுருதாலகால மலைக்கு 2,00,000 மீற்றர் என்ற எண் இரு திசைக்கும் கொடுக்கப்பட்டிருந்தது; எஸ்.எல்.டி. 99 எனும் புதிய முறையில் அது 5,00,000 ஆயிற்று. பழையதைப் புதியதென்று செலுத்தினால் காணி இரு திசையிலும் 300 கிலோமீற்றர் தள்ளிக் கடலில் விழும். அத்தகைய தவறு உடனே பிடிபட்டுவிடும். பிடிபடாமல் தப்புவது 30 சென்ரிமீற்றர் தவறே.

ட்ரோன் தானாகப் படங்களில் பதியும் உயரத்தை நம்புவதிலும் அவதானம் வேண்டும். அது பெரும்பாலும் வளியமுக்கத்தைக் கொண்டு, புறப்பட்ட இடத்திலிருந்து கணிக்கப்படுவது. காலையில் குளக்கட்டின் மேலிருந்தும், மதிய உணவுக்குப் பின் வயலிலிருந்தும் ட்ரோனை எழுப்பினால் ஒரே நாளில் இரண்டு பூச்சியங்கள் உண்டாகிவிடும்.

ஆர்.ரி.கே., பி.பி.கே. எனப்படும் முறைகளில் ட்ரோனின் இடமே சில சென்ரிமீற்றருக்குள் திருத்தப்படுவதால் தரைப் புள்ளிகள் தேவையில்லை என்று விற்பனையாளர்கள் கூறுகின்றனர். பாதி உண்மை இது. புள்ளிகளின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைக்கலாம் என்பது சரி. ஆனால் திருத்தம் அனுப்பும் தரை நிலையம் எந்த ஆள்கூற்றில் நின்றதோ அந்தப் பிழை முழுவதும் வரைபடத்துக்குள் வரும். மேலும், கமராவின் குவியத்தூரத்தில் நேரும் சிறு பிழையையும் பறப்பு உயரத்தில் நேரும் பிழையையும் கணிப்பு எளிதில் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும். இதனால் கிடைத்தளம் செம்மையாக இருக்க, உயரம் மட்டும் முழுவதுமாகச் சில சென்ரிமீற்றர் முதல் அதற்கும் மேலாக ஏறியோ இறங்கியோ போகலாம். களத்தில் நன்கு அளந்த ஒரே ஒரு தரைப் புள்ளி இதைச் சீர்செய்துவிடும். சரிபார்ப்புப் புள்ளிகளின் தேவையோ இம்முறைகளில் சற்றும் குறைவதில்லை.

சென்ரிமீற்றர் கணக்குப் பார்ப்பது வீண் நுணுக்கம் என்று கருதுவோருக்கு இரண்டு உதாரணங்கள் போதும். ஒரு சதுர கிலோமீற்றர் நீர்ப்பரப்புள்ள குளத்தில் உயரம் 30 சென்ரிமீற்றர் பிழைத்தால் கொள்ளளவுக் கணக்கு 3,00,000 கன மீற்றர், ஏறத்தாழ 243 ஏக்கர் அடி பிழைக்கும். வான்கதவை எப்போது திறப்பது என்பது அந்தக் கணக்கிலேயே தங்கியுள்ளது. ஒரு ஹெக்டேயர் கிரவல் அகழ்வில் 10 சென்ரிமீற்றர் பிழைத்தால் 1,000 கன மீற்றர். 100 கன அடி கொண்ட கியூப் கணக்கில் 350க்கும் மேல். லொறிக்காரரைக் கேட்டால் அதன் பெறுமதியைச் சொல்வார்.

மலையகத்தில் இது உயிர்ப் பிரச்சினையாகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்து லயன்கள் மண்ணுக்குள் புதையுண்டதை நாம் மறக்கவில்லை. சரிவொன்று அசைகிறதா என்பதை அறிய, சில மாத இடைவெளியில் இருமுறை ட்ரோனில் படமெடுத்து இரு மாதிரிகளையும் கழித்துப் பார்க்கலாம். இரு முறையும் ஒரே தரைப் புள்ளிகளைப் பயன்படுத்தாவிடின், அசையாத மலை அசைந்ததாகத் தோன்றலாம். அசைந்த மலை அசையாததாகவும் தோன்றலாம். இது முன்னையதைவிட ஆபத்தானது. புள்ளிகளும் சரிவுக்கு வெளியே, உறுதியான பாறையில் நிலையாகப் பதிக்கப்பட வேண்டும். சரியும் மண்ணிலேயே புள்ளியை வைத்தால் அதுவும் கூடவே இறங்கிவிடும்.

புள்ளிகள் எவ்வளவு செம்மையாயினும் கமரா காண்பதை மட்டுமே அளக்கும் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். நெற்பயிர் நிற்கும்போது பறந்தால் கிடைப்பது கதிரின் உயரமே, வயலின் உயரமன்று. பெரும்போக அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடக்கும் வாரங்களே வயல்வெளிகளுக்கு உகந்தவை. நீர்ப்பரப்பின் உயரமும் இப்படங்களில் நம்பத்தக்கதல்ல.

சட்டநிலையும் கவனிக்கத்தக்கது. ட்ரோனைப் பறக்கவிடுவது சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டது. காணி எல்லையைத் தீர்மானிக்கும் வரைபடத்தில் ஒப்பமிடும் தகுதி, 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற நில அளவையாளருக்கே உரியது. வானிலிருந்து பார்த்தால் வேலி தெரியும், உறுதியிலுள்ள எல்லை தெரியாது. பிரதேச செயலகத்திலோ விசாரணையிலோ ட்ரோன் படம் ஒன்று முன்வைக்கப்படும்போது, தரைப் புள்ளிகள் எத்தனை, எவரால், எந்த ஆள்கூற்று முறையில் அளக்கப்பட்டன, உயரத்தின் பூச்சியம் எது, ஒதுக்கி வைத்த புள்ளிகளில் பிழை எவ்வளவு என்று கேட்கும் உரிமை காணிக்காரருக்கு உண்டு. வேலையைப் பொறுப்பேற்றவர் இவற்றுக்கு ஒரு பக்க அறிக்கையில் பதில் தரலாம்.

எமக்கு வந்த வரைபடத்தை அந்தக் கேள்விகளோடு திருப்பி அனுப்பினோம். மூன்று வாரங்களின் பின் புதிய பிரதி வந்தது. வீதியோர மதகிலிருந்த மட்டக்கல் ஒன்றில் அளந்து உயரத்தைத் திருத்தியிருந்தார்கள். கிராமத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 2 மீற்றருக்கும் 4 மீற்றருக்கும் இடையில் நின்றது. முதல் வரைபடத்தில் பாதுகாப்பான மேடு என்று பச்சை பூசப்பட்டிருந்த ஒரு தெரு, நடுப்பகுதியில் புதிதாக இரண்டு புள்ளிகள் சேர்க்கப்பட்ட பின்னர், தாழ்நிலம் என நீலமாக மாறியிருந்தது.